மோதிய சுவரும் மாறிய பெயரும்

நான்கு சக்கர நூற்றாண்டு – அத்தியாயம் 31

சென்ற வாரம் கொரியாவில் நிறுத்தியிருந்தோம். 1986ல் அமெரிக்காவுக்குள் நுழைந்த ஹூண்டாய் எக்ஸெல் முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. மலிவுக்காக வாங்கியவர்கள் பழுதுகளைப் பார்த்துக் கைவிட்டார்கள். கெட்டுப்போன பெயரை மீட்க, 1998ல் பத்தாண்டு வாரண்டி கொடுத்துத்தான் அந்த நிறுவனம் மீண்டும் எழுந்தது. அதற்கும் முன்னால் 1957ல் டொயோட்டாவின் கிரவுன் கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலைகளில் மூச்சுவாங்கி நின்றதையும் பார்த்தோம். மூன்றாவதாக வந்த சீனாவின் கதை இந்த இரண்டையும்விடக் கடுமையாகத் தொடங்கியது.

2005 செப்டம்பர். ஃப்ராங்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் சீன நிறுவனங்கள் முதல்முறையாக அரங்கு போட்டிருந்தன. அதே வாரங்களில் ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்திருந்த ஒரு சீனக் காரைத் தன் சோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போனது. ஜியாங்லிங் நிறுவனத்தின் லேண்ட்விண்ட். பார்ப்பதற்குக் கனமான, உயரமான ஜீப் வகை வண்டி. அதே அளவுள்ள மற்ற வண்டிகளைவிடப் பல ஆயிரம் யூரோ குறைவு. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் அதைத் தடுப்பில் மோதவிட்டார்கள். ஓட்டுநர் இருக்கும் அறை மடங்கி உள்ளே போனது. உள்ளே வைத்திருந்த பொம்மை ஓர் உயிருள்ள மனிதனாக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார்கள் சோதனை செய்தவர்கள். இருபதாண்டுச் சோதனை அனுபவத்தில் இப்படியொரு முடிவைக் கண்டதில்லை என்றும் சொன்னார்கள். அந்தக் காட்சியின் வீடியோ உலகமெங்கும் சுற்றியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து பிரில்லியன்ஸ் பிஎஸ்6 என்ற செடான் கார். அதே ஏடிஏசி, அதே வகைச் சோதனை. ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்று கிடைத்தது. அதே 2007ல் ரஷ்யாவின் 'அவ்தோரெவ்யூ' பத்திரிகை செரி அமுலெட் காரை மோதிப் பார்த்தது. நொறுங்கிய காருக்குள்ளிருந்து பொம்மையை முழுதாக வெளியே எடுக்க முடியவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றித்தான் எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு 2009ல் போய்ச் சேர்ந்த கிரேட் வால் நிறுவனத்தின் பிக்கப் வண்டிகள் அங்கே இரண்டே நட்சத்திரம் பெற்றன. 2012ல் அந்த வண்டிகளிலும் செரி கார்களிலும் எஞ்சின் கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தெரிந்து, ஏறத்தாழ 23,000 வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸ் தடை செய்யப்பட்ட பொருள். லத்தீன் அமெரிக்காவில் கீலி சிகே காருக்குப் பூஜ்யம்.

இதற்கிடையே காப்பி அடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் இருந்தது. 2003ல் வந்த செரி க்யூக்யூ, ஜெனரல் மோட்டார்ஸின் தேவூ மாட்டிஸ் காரை அச்சாக ஒத்திருந்தது. ஒன்றின் கதவை மற்றொன்றில் மாட்டலாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பு சொன்னது. வழக்குப் போட்டார்கள், 2005ல் சமரசமாக முடிந்தது. இலங்கை வாசகர்களுக்கு அந்தக் க்யூக்யூவை நேரிலேயே தெரியும். மைக்ரோ நிறுவனம் அங்கே ஒருங்கிணைத்து விற்ற கீலி பாண்டாவையும் தெரியும். ஜப்பான் காரின் செகண்ட் ஹேண்ட் விலைக்குப் புதுக் கார் கிடைக்கிறதே என்று வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் அங்கே பல.

ஆக, 2010 வாக்கில் வெளிநாடுகளில் 'சீனக் கார்' என்றால் பொருள் ஒன்றுதான்: மலிவு, ஆபத்து, நகல். இந்தப் பெயர் அநியாயமானது என்று நான் சொல்ல வரவில்லை. சோதனை சோதனைதான், அந்தக் கார்களில் மனிதர்கள் ஏறியிருந்தால் இறந்திருப்பார்கள். ஆனால் அன்றைக்குச் செய்திகளில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் உண்டு. லேண்ட்விண்டின் உடல், ஐரோப்பாவில் ஓப்பல் ஃபிரான்டேரா என்ற பெயரில் ஓடிய இசுசு வண்டியை அடியொற்றியது. அமுலெட்டின் உடல் 1991ல் ஸ்பெயினின் சியாட் நிறுவனம் வெளியிட்ட டொலேடோவின் வழி வந்தது. மற்றவர்கள் பயன்படுத்தி ஓய்வுகொடுத்த வடிவமைப்புகளை எடுத்து, இன்னும் மலிவாக்கி விற்றார்கள். சொந்தமாக ஒரு காரை முதலிலிருந்து வடிவமைக்கத் தெரியாத நிறுவனங்கள் செய்த அவசரம் அது. பழி முழுவதும் ஒரு நாட்டின் மீது விழுந்தது. எந்த நிறுவனம், எந்த அச்சு, எந்தச் சந்தை என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. இந்தப் பிரித்துப் பார்க்காத பழக்கம் இன்று பாராட்டும்போதும் தொடர்கிறது. அதனால்தான் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் ஜெர்மனியையும் ஜப்பானையும் எட்டிப் பிடிக்க முடியாது என்பதைச் சீன அரசு சீக்கிரமே உணர்ந்திருந்தது. ஜெர்மனியில் ஆவ்டி நிறுவனத்தில் பொறியாளராக இருந்து நாடு திரும்பிய வான் காங், மின்சாரக் கார் ஆராய்ச்சியில் நாடு முழுமூச்சாக இறங்க வேண்டும் என்று வாதாடியவர். 2007ல் அவரே அறிவியல் தொழில்நுட்ப அமைச்சரானார். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் அல்லாத ஒருவர் அமைச்சராவது அங்கே அபூர்வம். 2009லிருந்து மானியம் கொட்டியது. அதில் மோசடியும் நடந்தது. தயாரிக்காத பேருந்துகளுக்குப் பணம் வாங்கிய நிறுவனங்கள் 2016ல் பிடிபட்டன. ஆனாலும் கூட்டத்தில் சிலர் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் வாங் சுவான்ஃபு. அன்ஹுய் மாகாணத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, அண்ணன் படிக்க வைத்து ஆளானவர். பேட்டரி ஆராய்ச்சியாளர். 1995ல் ஷென்ஜென் நகரில் உறவினர் கொடுத்த பணத்தில் பிஒய்டி நிறுவனத்தைத் தொடங்கினார். ஜப்பானியர்கள் விலையுயர்ந்த தானியங்கி எந்திரங்களில் செய்த பேட்டரியை, வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து ஆட்களை வைத்தே செய்தார். மோட்டோரோலாவும் நோக்கியாவும் அவரிடம் வாங்கின. 2003ல் அவர் சியான் நகரில் நலிந்துபோயிருந்த ஒரு கார் ஆலையை வாங்கியபோது, ஹாங்காங் பங்குச் சந்தையில் பிஒய்டியின் பங்கு சரிந்தது. முதலீட்டாளர்கள் கோபித்தார்கள். செல்போன் பேட்டரி செய்பவருக்குக் கார் எதற்கு என்று கேட்டார்கள். கார் எதற்கென்றால், பேட்டரி போடுவதற்குத்தான்.

2008 டிசம்பரில் பிஒய்டி வெளியிட்ட எஃப்3டிஎம், பெருமளவு உற்பத்திக்கு வந்த உலகின் முதல் பிளக்-இன் ஹைப்ரிட் கார். வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், தீர்ந்தால் பெட்ரோலில் ஓடலாம். ஜெனரல் மோட்டார்ஸின் வோல்ட் கடைக்கு வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். சில மாதங்களுக்கு முன்பு வாரன் பஃபெட்டின் நிறுவனம் 23 கோடி டாலருக்குப் பிஒய்டியின் சுமார் பத்து சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. இவ்வளவு இருந்தும் கார் விற்கவில்லை. விலை அதிகம், தோற்றம் பழைய டொயோட்டா கொரோலா மாதிரி, பெயருக்கு மதிப்பில்லை. முதல் ஓரிரு ஆண்டுகளில் சில நூறு கார்கள்தான் போயின.

2012 மே மாதம் இன்னும் பெரிய அடி விழுந்தது. ஷென்ஜெனில் பின்னிரவில் அதிவேகமாக வந்த ஒரு நிசான் ஜிடி-ஆர், பிஒய்டியின் இ6 மின்சார டாக்ஸியை இடித்தது. டாக்ஸி தீப்பற்றி, உள்ளே இருந்த மூவரும் இறந்தார்கள். மின்சாரக் கார் என்றால் நகரும் தீக்குச்சி என்று பேச்சு கிளம்பியது. மோதலின் வேகத்தில் மின்சுற்று உடைந்து தீ பிடித்தது, பேட்டரி வெடிக்கவில்லை என்று பிறகு நிபுணர் குழு சொன்னது. செய்தி பரவிய வேகத்தில் விளக்கம் பரவவில்லை.

பிஒய்டி நம்பியிருந்த பேட்டரி வகையைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெயர் மாறியதற்கு அடிப்படை அதுதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட். 1990களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃபின் ஆய்வுக்கூடத்தில் அடையாளம் காணப்பட்டது. அதற்கு வழி திறந்த ஆய்வைச் சில ஆண்டுகள் முன்னரே குடினஃபோடு சேர்ந்து செய்தவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்தவர். 2019ல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, முதுமையால் தளர்ந்திருந்த அவருக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நோபல் விரிவுரை நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

இந்தப் பேட்டரியில் நிக்கலும் கோபால்ட்டும் இல்லை. இரும்பும் பாஸ்பேட்டும் மலிவு. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் அதை வெளிவிடாது. எனவே தீ பரவுவது கடினம். குறை ஒன்று உண்டு: அதே எடைக்குக் குறைந்த மின்சாரம்தான் பிடிக்கும். அதனால் மேற்கத்திய, கொரிய நிறுவனங்கள் நீண்ட காலம் நிக்கல் பக்கமே நின்றன. பிஒய்டி 2020 மார்ச்சில் இந்தக் குறையை வேறு வழியில் சரிக்கட்டியது. செல்களை நீண்ட தகடுகளாகச் செய்து, நடுவில் பெட்டிகள் இல்லாமல் நெருக்கி அடுக்கியது. இடம் மிச்சமானது, அதே இடத்தில் அதிக மின்சாரம். 'பிளேடு' என்று பெயர் வைத்து, ஆணியை அடித்து இறக்கியும் புகை வரவில்லை என்று படம் எடுத்துக் காட்டியது. நிறுவனமே செய்து காட்டிய சோதனை அது. இருந்தாலும், எட்டு ஆண்டுகளுக்கு முன் எரிந்த டாக்ஸியின் நிழலில் நின்றவர்கள் அந்த ஆணியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்கும்.

அடுத்த ஆண்டு அவர்களின் டிஎம்-ஐ ஹைப்ரிட் வந்தது. ஊருக்குள் சக்கரத்தைச் சுழற்றுவது மின் மோட்டார். பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் ஜெனரேட்டராக மின்சாரம் தயாரிக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் எஞ்சின் நேராகச் சக்கரத்தோடு இணைந்துகொள்ளும். சார்ஜ் நிலையங்கள் குறைவான பிரேசில், மெக்சிகோ போன்ற நாடுகளில் தயங்கியவர்களை உள்ளே இழுத்தது முழு மின்சாரக் காரைவிட இந்த ஹைப்ரிட்தான்.

கீலியின் வழி வேறு. அதன் தலைவர் லீ ஷுஃபு, 2010ல் ஃபோர்டிடமிருந்து வால்வோவை வாங்கினார். ஃபோர்டு 1999ல் 645 கோடி டாலர் கொடுத்து வாங்கியதை ஏறத்தாழ 180 கோடி டாலருக்குப் பேசி முடித்தார். ஸ்வீடனில் தொழிற்சங்கங்கள் பயந்தன: ஆலையைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்களோ? அவர் பெயர்க்கவில்லை. வால்வோவை அதன் போக்கில் விட்டு, கோத்தன்பர்க்கில் கூட்டு வடிவமைப்பு மையம் ஒன்றைத் திறந்தார். வால்வோ எக்ஸ்சி40 நிற்கும் அதே அடித்தளத்தில் கீலியின் லிங்க் அண்ட் கோ நின்றது. பாதுகாப்புக்கே பெயர்போன நிறுவனத்திடம், பூஜ்ய நட்சத்திரம் வாங்கிய நிறுவனம் பாடம் கேட்டது. என் கணிப்பில், இந்தக் காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிக அறிவார்ந்தது இதுதான்.

சாங்ஹாயின் எஸ்ஏஐசிக்கு, 2005ல் திவாலான பிரிட்டிஷ் நிறுவனத்தின் எம்ஜி என்ற பெயர் வந்து சேர்ந்தது. நம் சாலைகளில் ஜேஎஸ்டபிள்யூவோடு சேர்ந்து ஓடும் எம்ஜி அதேதான்.

2022ல் ஐரோப்பாவின் என்கேப் பாதுகாப்புச் சோதனையில் எம்ஜி4, பிஒய்டி ஆட்டோ 3, கிரேட் வாலின் ஓரா மூன்றும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. லேண்ட்விண்ட் மோதிப் பதினேழு ஆண்டுகள். டொயோட்டாவும் ஹூண்டாயும் ஏறக்குறைய இதே அளவு காலம்தான் எடுத்துக்கொண்டன.

ஆனால் அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவில் ஒன்று நடந்தது. அதே எஸ்ஏஐசியின் எம்ஜி5, பெட்ரோலில் ஓடும் மலிவு செடான், அங்கே பூஜ்ய நட்சத்திரம் வாங்கியது. ஒரே நிறுவனம், ஓராண்டு இடைவெளி. சட்டமும் சந்தையும் எவ்வளவு கேட்டனவோ அவ்வளவு கொடுத்தார்கள். கூர்மையாகக் கேட்ட இடத்தில் நல்ல கார், கேட்காத இடத்தில் பழைய கார். 'சீனக் கார் இப்போது சூப்பர்' என்று ஒரே மூச்சில் சொல்பவர்கள் 2005ல் 'சீனக் கார் சவப்பெட்டி' என்று சொன்னவர்களின் தவறையே திருப்பிச் செய்கிறார்கள்.

2023ல் ஜப்பானை முந்திச் சீனா உலகின் மிகப் பெரிய கார் ஏற்றுமதி நாடானது. அந்த ஆண்டு அங்கிருந்து 49 லட்சம் வாகனங்கள் கப்பலேறின. இதில் பெரும்பகுதி பெட்ரோல் வண்டிகள்தான் என்பதையும், உக்ரைன் போருக்குப் பின் மற்றவர்கள் வெளியேறிய ரஷ்யச் சந்தை இதில் பெரிய பங்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் முழு மின்சாரக் கார் விற்பனையில் பிஒய்டி டெஸ்லாவைத் தாண்டியது. கார் ஏற்றக் கப்பல் போதவில்லை என்று பிஒய்டி தனக்கென்றே கப்பல் கட்டிக்கொண்டது. ஏழாயிரம் கார் கொள்ளும் முதல் கப்பல் 2024 தொடக்கத்தில் ஐரோப்பியத் துறைமுகங்களை அடைந்தது. அதே ஆண்டு ஃபோர்டின் தலைவர் ஜிம் ஃபார்லி, சிகாகோவுக்கு ஷாவ்மியின் எஸ்யூ7 காரை வரவழைத்து ஆறு மாதம் ஓட்டியதாகவும், அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்றும் பொதுவெளியில் சொன்னார். போட்டியாளர் வாயிலிருந்து வந்த சான்றிதழ்.

இன்னொரு சான்றிதழ் வரிகளின் வடிவில் வந்தது. 2024ல் அமெரிக்கா சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவீத வரி விதித்தது. மானியம் வாங்கி விலையை அடிக்கிறார்கள் என்று விசாரித்த ஐரோப்பிய ஒன்றியம், அக்டோபர் முடிவில், வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல் பிஒய்டிக்கு 17, கீலிக்கு 18.8, எஸ்ஏஐசிக்கு 35.3 சதவீதம் என்று போட்டது. லேண்ட்விண்ட் வந்தபோது யாரும் வரிச் சுவர் கட்ட நினைக்கவில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை. வாக்கெடுப்பில் ஜெர்மனி இந்த வரியை எதிர்த்தது, அதன் நிறுவனங்களுக்குச் சீனச் சந்தையே பெரிய வருமானம் என்பதால். பிளக்-இன் ஹைப்ரிட்டுகளுக்கு இந்தக் கூடுதல் வரி இல்லை. சீன நிறுவனங்கள் உடனே அவற்றை அதிகம் அனுப்பத் தொடங்கின.

உடைந்துவிடுமா, கொன்றுவிடுமா என்ற பழைய பயம் இப்படி ஓய்ந்தபோது, வாங்குபவர்களின் கேள்வி வேறு இடத்துக்கு நகர்ந்தது. தாய்லாந்தில் அதை முதலில் பார்க்கலாம். 2024 ஜூலையில் பிஒய்டி ரயோங் மாகாணத்தில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கார் செய்யும் ஆலையைத் திறந்தது. அதே நாட்களில் விலையை லட்சக்கணக்கான பாட் குறைத்தது. சில மாதங்களுக்கு முன் முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள்; மறுவிற்பனை விலை ஒரே இரவில் இறங்கிவிட்டதே என்றார்கள். தாய்லாந்து அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு விசாரித்தது. அடுத்த ஆண்டு நேட்டா என்ற மலிவு பிராண்டின் தாய் நிறுவனமான ஹோசோன் சீனாவில் திவால் நடவடிக்கைக்குள் போனது. பாங்காக்கில் அந்தக் காரை வாங்கியவர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தார்கள். ஐந்து நட்சத்திரம் இருந்தென்ன, பம்பர் உடைந்தால் மாற்ற ஆள் இல்லை என்றால்? உள்நாட்டு விலைப்போரில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முட்டிமோதும்போது, எத்தனை பிழைக்கும் என்பது இப்போது பாங்காக் வாடிக்கையாளரின் கவலை.

இலங்கையில் கேள்வி காகிதத்தில் எழுந்தது. ஐந்து ஆண்டுத் தடைக்குப் பின் 2025ல் வாகன இறக்குமதி திறந்தபோது முன்வரிசையில் நின்றது பிஒய்டி. மோட்டாரின் சக்தி அறிவித்தது போல் 100 கிலோவாட்டா, 150ஆ என்ற சந்தேகத்தில் நூற்றுக்கணக்கான கார்களைச் சுங்கம் நிறுத்திவைத்தது. அதைப் பொறுத்தே வரி மாறும். விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

நார்வேயில் கேள்வி இன்னும் நுட்பமானது. சொந்தக் கார்த் தொழில் இல்லாத நாடு, ஐரோப்பிய ஒன்றியத்தின் வரியைப் பின்பற்றவில்லை, சீன மின்வண்டிகளைத் தயக்கமின்றி ஏற்றது. ஆஸ்லோவின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ரூட்டர், 2025ல் தன் சீன யூட்டோங் பேருந்து ஒன்றையும் டச்சு விடிஎல் பேருந்து ஒன்றையும் வெளி அலைகள் எட்டாத மலைச் சுரங்கத்துக்குள் நிறுத்திச் சோதித்தது. மென்பொருள் புதுப்பிப்புக்கும் பழுது கண்டறிவதற்கும் யூட்டோங் நிறுவனம் பேருந்தின் கட்டுப்பாட்டு அமைப்புக்குள் தொலைவிலிருந்து நுழைய முடியும் என்று தெரிந்தது; கோட்பாட்டளவில் வண்டியை நிறுத்தவும் முடியும். அப்படி யாரும் செய்ததற்கான சான்று இல்லை. டச்சுப் பேருந்தில் அந்த வசதியே இல்லை. இனி வாங்கும் பேருந்துகளுக்குப் பாதுகாப்பு நிபந்தனைகளை இறுக்குவதாக ரூட்டர் அறிவித்தது. இணையத்தோடு இணைந்த எந்த நாட்டுக் காருக்கும் இதே கேள்வி பொருந்தும் என்றாலும், முதலில் கேட்கப்பட்டது சீன வண்டியிடம்தான்.

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: காரைச் செய்பவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள்? பிரேசிலின் பாஹியா மாநிலத்துக் கமசாரி நகரில் 2021ல் ஃபோர்டு ஆலையை மூடிவிட்டுப் போனது. அதே ஆண்டு மறைமலைநகர் ஆலையையும் மூடப்போவதாக அறிவித்ததை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கமசாரிக்குப் பிஒய்டி வந்து புது ஆலை கட்டத் தொடங்கியது. 2024 டிசம்பரில் அந்தக் கட்டுமானத் தளத்துக்குத் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் போனார்கள். ஒப்பந்த நிறுவனம் ஒன்று சீனாவிலிருந்து கூட்டிவந்த 163 தொழிலாளர்களை, அடிமைநிலைக்கு ஒப்பான சூழலிலிருந்து மீட்டதாக அறிவித்தார்கள். பிஒய்டி அந்த ஒப்பந்ததாரரோடு உறவை முறித்துக்கொண்டது. கமசாரியில் ஃபோர்டு விட்டுப்போன வெற்றிடம், அங்கே வேலைக்குக் காத்திருந்தவர்கள், அந்த 163 பேர் – இந்தக் கதையை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)